மணலில் எழுதிய முதல் எழுத்து: குழந்தையின் படிப்பை எங்கே ஆரம்பிப்பது?

இந்த வாரம் ஒரு அரசாங்கக் குறிப்பில் இருந்து ஆரம்பிக்கலாம். தேதி 1822 ஜூன் 25. சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ, மாவட்டக் கலெக்டர்கள் எல்லாரிடமும் ஒரு கணக்கு கேட்கச் சொல்கிறார். உங்கள் மாவட்டத்தில் எத்தனை பள்ளிக்கூடம் இருக்கு, எத்தனை பேர் படிக்கிறாங்க, அதில் பையன் எத்தனை, பொண்ணு எத்தனை, எந்தெந்தச் சாதி. இன்னைக்கு நாம கூகுள் ஃபார்ம் அனுப்புற மாதிரி, அன்னைக்கு ஒரு அட்டவணையைத் தயார் பண்ணி அனுப்பினாங்க.

கோயம்புத்தூர் மாவட்டத்துக்கு அப்போ கலெக்டர் ஜான் சல்லிவன். ஆமாங்க, ஊட்டியை உருவாக்கினவர்னு நாம படிச்ச அதே சல்லிவன்தான். அந்தக் காலத்து கோயம்புத்தூர் மாவட்டம் ரொம்பப் பெருசு. ஈரோடு, பவானி, தாராபுரம், நான் உட்கார்ந்து பேசுற இந்த அந்தியூர், எல்லாமே அதுக்குள்ளதான். 1979-ல பெரியார் மாவட்டம் பிரியிற வரைக்கும் நாங்க கோயம்புத்தூர்க்காரங்கதான்.

சல்லிவன் 1822 நவம்பரில் பதில் அனுப்பினார். மாவட்டத்து மக்கள்தொகை 6,38,199. பள்ளிக்கூடங்கள் 763. மாணவர்கள் 8,206. பையன்கள் அஞ்சு வயசில் பள்ளிக்கு வர்றாங்க, 13, 14 வயசு வரைக்கும் படிக்கிறாங்க.

டேட்டாவைப் பார்த்த உடனே வகுத்துப் பார்க்கிறது என் தொழில் வியாதி. 8,206-ஐ 763-ஆல வகுத்தா ஒரு பள்ளிக்குக் கிட்டத்தட்ட 11 பிள்ளைங்க. சுமார் 836 பேருக்கு ஒரு பள்ளி. 11 பேர்னா அது நம்ம மனசுல இருக்கிற பள்ளிக்கூடம் இல்ல. யாரோ ஒருத்தர் வீட்டுத் திண்ணையில, அஞ்சு வயசுப் பொடியனும் 12 வயசு அண்ணனும் ஒண்ணா உட்கார்ந்திருக்கிற ஒரு சின்னக் கூட்டம். இன்னைக்கு மொழியில சொன்னா, பாதி பள்ளிக்கூடம், பாதி வீடு.

நம்ம எபிசோடுக்கு வர்ற கேள்விகளில் இப்போ ரொம்ப அதிகமா வர்றது இதுதான்: "நாலு, அஞ்சு வயசுக் குழந்தையை வீட்டிலேயே வைச்சுச் சொல்லிக்கொடுக்கலாமா? அப்படின்னா எங்கே இருந்து ஆரம்பிக்கிறது?" இதுக்கு இணையத்துல ஆயிரம் பாக்கெட் விற்கிறாங்க. ஒவ்வொண்ணும் ஏதோ புதுசா கண்டுபிடிச்ச மாதிரி பேசும். நான் வேற வழியில போறேன். இந்தக் கேள்வியை நம்ம ஊர் 200 வருஷமா எப்படிக் கையாண்டுச்சுன்னு பார்ப்போம்.

மன்றோ கணக்கில் வீட்டுப் பாடம்

கலெக்டர்கள் அனுப்பின எல்லாத்தையும் சேர்த்து, 1826 மார்ச் 10-ல் மன்றோ ஒரு குறிப்பு எழுதினார். மாகாணம் முழுக்க 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள், ஒரு கோடியே 28 லட்சம் சொச்சம் மக்கள். அஞ்சு முதல் பத்து வயசுப் பையன்களில் நாலில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல பள்ளிக்குப் போறாங்கன்னு கணக்குப் போட்டார்.

அதோட அவர் நிறுத்தல. வீட்டிலேயே படிக்கிற பிள்ளைகளைச் சேர்த்தா இது மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கத்துல வரும்னு எழுதினார். சொந்தக்காரங்ககிட்டயோ, வீட்டுக்கு வர்ற வாத்தியார்கிட்டயோ படிக்கிறது நாட்டில் எந்தப் பகுதியிலும் அபூர்வம் இல்லைங்கிறது அவர் சொன்ன காரணம். சென்னை நகரத்தில் மட்டும் வீட்டில் படிக்கிறவங்க 26,963 பேர்னு கணக்கு வந்திருந்தது. நகரத்துப் பள்ளிகளில் படிச்சவங்களை விட அது அஞ்சு மடங்குக்கும் மேல. இந்த எண்ணில் ஏதோ பிழை இருக்கணும்னு மன்றோவே சந்தேகப்பட்டார். ஆனா வெளி மாவட்டங்களிலும் வீட்டில் படிக்கிறவங்க கணிசமா இருப்பாங்கங்கிறதில் அவருக்குச் சந்தேகம் இல்ல.

ஆக, "ஹோம் ஸ்கூலிங்" அமெரிக்காவில் இருந்து இறங்கின சரக்குன்னு நினைக்கிறவங்களுக்கு: பேரு வேணா புதுசு, பழக்கம் பழசு. அப்பா, சித்தப்பா, தாத்தா யாராவது எழுத்து தெரிஞ்சவங்களா இருந்தா, பிள்ளைக்கு முதல் எழுத்து வீட்டில்தான்.

அந்த "இருந்தா"வில்தான் விஷயமே இருக்கு. வீட்டில் யாருக்குமே எழுத்து தெரியாதுன்னா? அந்தக் குழந்தைக்கு வீட்டுக் கல்வின்னா கல்வியே இல்லைன்னு அர்த்தம். மன்றோவோட மொத்தக் கணக்கில் பையன்கள் 1,84,110. மீதி 4,540 பேர்தான் பொண்ணுங்க. 100 பிள்ளைகளில் ரெண்டு, மூணு பொண்ணுங்க. சேரிப் பிள்ளைகளுக்கு இன்னொருத்தர் வீட்டுத் திண்ணையே பெரும்பாலும் எட்டாத உயரம். இதை மனசுல வைச்சுக்கிட்டே மேல கேளுங்க.

இந்த ஆவணங்களை நாம இன்னைக்கு இவ்வளவு சுலபமாப் படிக்க முடியுதுன்னா அதுக்குக் காரணம் தரம்பால். காந்தியவாதி. ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்து இந்த அறிக்கைகளைக் கையால எழுதி எடுத்து, 1983-ல் 'தி பியூட்டிஃபுல் ட்ரீ'ங்கிற புத்தகமாக் கொண்டுவந்தார். அந்தத் தலைப்பு, 1931-ல் லண்டன் சாத்தம் ஹவுஸில் காந்தி பேசின பேச்சில் இருந்து வந்தது. வெள்ளைக்காரன் வர்றதுக்கு முன்னாடி எல்லாம் பொற்காலம்னு காட்ட சிலர் இந்தப் புத்தகத்தைத் தூக்கிட்டு வருவாங்க. புத்தகத்தில் இருக்கிற அட்டவணையை முழுசாப் பார்த்தா அப்படிச் சொல்ல மனசு வராது. இருந்தது என்னன்னு காட்டுற அதே அட்டவணை, யார் இல்லைங்கிறதையும் சேர்த்தே காட்டுது.

திண்ணையில் என்ன நடந்தது?

முதல்ல மணல். தரையில் மணலைப் பரப்பி, வாத்தியார் குழந்தையோட விரலைப் பிடிச்சு அகரம் எழுத வைப்பார். எழுதிட்டுக் கையால தடவினா அழிஞ்சுடும். திரும்ப எழுதலாம். மணல்ல கை பழகின பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும். விஜயதசமி அன்னைக்கு அரிசியில் விரலைப் பிடிச்சு எழுத வைக்கிறோமே, அதுவும் இதே வழக்கத்தோட சொந்தம்தான்.

அப்புறம் மனப்பாடம். ஆத்திசூடி, கொன்றை வேந்தன், கூடவே எண்சுவடி. எண்சுவடியை நாம வாய்ப்பாடுன்னு சாதாரணமாச் சொல்லிட்டுப் போயிடுறோம். அதில் பின்னங்களே ஒரு தனி உலகம். அரைக்கால்னா எட்டில் ஒண்ணு. மாகாணி, பதினாறில் ஒண்ணு. மா, இருபதில் ஒண்ணு. காணி, எண்பதில் ஒண்ணு. முந்திரி, 320-ல் ஒண்ணு. இதை எல்லாம் சின்னப் பசங்க வாயால சொன்னாங்க. ஏன்னா அவங்க பார்த்த உலகம் அதுதான்: நிலத்தை அளக்கிறது, நெல்லை அளக்கிறது, கூலியைப் பிரிக்கிறது. ஆய்வாளர் செந்தில்பாபு தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளோட கணக்கைப் பத்தி விரிவா எழுதியிருக்கார். நாம "சும்மா மக்கப்"னு சொல்றது, தாளும் பேனாவும் கையில் இல்லாத ஒரு சமூகத்தில் கணக்குப் போடுறதுக்கான கருவியாகவே இருந்ததுங்கிறதை அவர் எழுத்தைப் படிச்சாப் புரியும்.

மூணாவது, சட்டாம்பிள்ளை. பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுப்பான். சொல்லிக்கொடுக்கும்போது அவனுக்கும் பாடம் ஊறும்.

இதுவரைக்கும் கேட்டா ரொம்ப இதமா இருக்கில்ல? இப்போ மறுபக்கம். பெல்லாரி கலெக்டரா இருந்த கேம்பெல் 1823-ல் எழுதின அறிக்கையில் ஒரு காட்சி வருது. காலையில் முதல்ல வர்ற பையனோட உள்ளங்கையில் மரியாதையா சரஸ்வதி பேரை எழுதுவாங்க. ரெண்டாவது வர்றவனுக்கு ஒரு சுழியம், அதாவது பாராட்டும் இல்ல, திட்டும் இல்ல. மூணாவது வர்றவனுக்கு மெதுவா ஒரு அடி. நாலாவது ஆளுக்கு ரெண்டு. அப்படியே ஏறிக்கிட்டே போகும். கடைசியா வர்ற குழந்தையை நினைச்சுப் பாருங்க. சோம்பேறின்னு பேர் வாங்கினவனை ரெண்டு கையையும் கட்டிக் கூரையில் இருந்து தொங்கவிட்டதையும் அவர் எழுதியிருக்கார். நம்ம பக்கம் இதுக்குக் கோதண்டம் போடுறதுன்னு பேரு. உ.வே.சாமிநாதையர் தன் வாழ்க்கை வரலாற்றில் திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பத்தி எழுதியிருக்கிற பகுதியை, நேரம் இருந்தாத் தேடிப் படிங்க.

ஆக அஞ்சு வயசுக் குழந்தைக்குத் திண்ணை கொடுத்தது ரெண்டும்: மணலோட மென்மை, பிரம்போட பயம்.

எழும்பூரில் இருந்து லண்டனுக்கு

இந்த மணலுக்கு ஒரு வெளிநாட்டுப் பயணம் இருக்கு. ஆண்ட்ரூ பெல்னு ஒரு ஸ்காட்லாந்து பாதிரியார் 1787-ல் மெட்ராஸ் வந்தார். ரெண்டு வருஷத்துல எழும்பூரில் இருந்த ராணுவ ஆண் அநாதை விடுதிக்குப் பொறுப்பாளர் ஆனார். சிப்பாய்களோட பிள்ளைகள் அங்கே படிச்சாங்க. வாத்தியாருங்க சரியா அமையல. ஒருநாள் குதிரையில் போகும்போது உள்ளூர்ப் பள்ளி ஒண்ணில் பிள்ளைகள் மணல்ல விரலால எழுதுறதைப் பார்த்தார். இதையே நம்ம பள்ளியிலும் செய்யலாமேன்னு நினைச்சார்.

அவருக்குக் கீழ இருந்த வாத்தியார் இது நடக்காதுன்னு சொல்லிட்டார். பெல் என்ன பண்ணார்? ஜான் ஃபிரிஸ்கின்னு ஒரு எட்டு வயசுப் பையனைக் கூப்பிட்டு, அ, ஆ மாதிரி ஆங்கில எழுத்து படிக்கிற வகுப்பை அவன்கிட்ட ஒப்படைச்சார். பையன் செஞ்சு காட்டினான். அப்புறம் பள்ளி முழுக்க அதே முறை. ஊர் திரும்பின பிறகு 1797-ல் இதைப் பத்தி ஒரு சின்னப் புத்தகம் போட்டார். அதுதான் "மெட்ராஸ் சிஸ்டம்". 1811-ல் இங்கிலாந்தில் தொடங்கின நேஷனல் சொசைட்டி பள்ளிகள் இந்த முறையைத்தான் எடுத்துக்கிட்டாங்க. ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளில் சட்டாம்பிள்ளை முறை பரவினது இப்படித்தான்.

ஆனா பயணத்துல ஒண்ணு மாறிப் போச்சு. திண்ணையில் 11 பேர் இருந்த இடத்துல, அங்கே ஒரே கூடத்துல நூத்துக்கணக்கான பிள்ளைகள். ஒரு வாத்தியார், நிறைய சட்டாம்பிள்ளைகள், குறைஞ்ச செலவு. தொழிற்சாலை காலம் இல்லீங்களா? எங்க துறையில இதை "ஸ்கேல் பண்றது"ன்னு சொல்லுவோம். எந்த விஷயத்தையும் ஸ்கேல் பண்ணும்போது கேட்க வேண்டிய கேள்வி, எது கூட வந்தது, எது வழியில விழுந்ததுங்கிறது. மணலும் சட்டாம்பிள்ளையும் கப்பல் ஏறிடுச்சு. ஒவ்வொரு பிள்ளையையும் பேர் சொல்லித் தெரிஞ்சு வைச்சிருக்கிற அந்தச் சின்ன அளவு கப்பல் ஏறல.

குழந்தை வளர்ற தோட்டம்

ஐரோப்பாவில் இதுக்கு எதிர்ப்பக்கம் யோசிச்சவங்களும் இருந்தாங்க. ஜெர்மனியில் ஃபிரோபல் 1837-ல் பாட் பிளாங்கன்பர்க் ஊரில் சின்னக் குழந்தைகளுக்காக ஒரு இடத்தைத் தொடங்கினார். 1840-ல் அதுக்கு வைச்ச பேர் கிண்டர்கார்ட்டன், குழந்தைகளோட தோட்டம். பந்து, மரக்கட்டை, பாட்டு, செடி. எழுத்துப் பாடம் அங்கே முதல் வேலை இல்ல. வேடிக்கை என்னன்னா, 1851-ல் பிரஷ்ய அரசு கிண்டர்கார்ட்டனையே தடை பண்ணுச்சு. தடை நீங்க கிட்டத்தட்ட பத்து வருஷம் ஆச்சு. குழந்தைகள் விளையாடினதை ஒரு அரசாங்கம் ஆபத்துன்னு பார்த்திருக்கு!

இப்போ நம்ம "கேஜி" வகுப்புகளை நினைச்சுப் பாருங்க. எல்கேஜி, யூகேஜியில் இருக்கிற அந்த "கேஜி" இதே கிண்டர்கார்ட்டன்தான். பேரு வந்து சேர்ந்துடுச்சு. நாலு கோடு நோட்டும், வீட்டுப்பாடமும், டெஸ்ட்டும் சேர்ந்து தோட்டத்தை மட்டும் காணோம்.

அடுத்து மரியா மாண்டிசோரி. இத்தாலிய டாக்டர். 1907 ஜனவரியில் ரோம் நகரத்துல சான் லொரென்சோங்கிற ஏழைங்க பகுதியில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தாங்க. உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பான தாளில் எழுத்தை வெட்டி அட்டையில் ஒட்டி, குழந்தை அதை விரலால தடவிப் பழகும். கை பழகப் பழக, நாலு அஞ்சு வயசுப் பிள்ளைகள் யாரும் சொல்லாமலே எழுத ஆரம்பிச்சாங்க. படிக்கிறதுக்கு முன்னாடியே எழுத்து. நம்ம மணலும் அந்த உப்புத்தாளும் ஒரே உண்மையைத்தான் சொல்லுது: எழுத்து முதல்ல கண்ணுக்குள்ள போறதில்ல, விரலுக்குள்ள போகுது.

இந்த அம்மா சென்னைக்கே வந்தாங்க. 1939 நவம்பர். வயசு 69. அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைச்சு, அடையாறு தியசாஃபிகல் சொசைட்டியில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்த வந்தாங்க. கொஞ்ச நாள்ல திரும்பிப் போறதுதான் திட்டம். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கினதும், பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்த இத்தாலியங்க எதிரி நாட்டவர் ஆயிட்டாங்க. கூட வந்த மகன் மரியோவை அகமத்நகர் முகாமில் அடைச்சாங்க. அந்த ஆகஸ்டில், அம்மாவோட 70-ஆவது பிறந்தநாளுக்குத்தான் விடுதலை பண்ணாங்க. 1946-ல்தான் இவங்களால ஐரோப்பாவுக்குத் திரும்பிப் போக முடிஞ்சது.

நடுவில் சில வருஷம் கொடைக்கானல். அங்கே சுத்துவட்டாரத்துப் பிள்ளைகளை வைச்சு, வேற வேற வயசுக் குழந்தைகள் ஒண்ணா இருக்கிற ஒரு சின்னப் பள்ளி நடத்தினாங்க. அவங்களோட புகழ்பெற்ற 'தி அப்சார்பென்ட் மைண்ட்' புத்தகம் 1949-ல் முதல்ல அச்சானது மெட்ராஸில். இன்னைக்கு "சர்வதேச மாண்டிசோரி"ன்னு போர்டு மாட்டி லட்சத்துல ஃபீஸ் கேட்கிற இடங்களுக்கு முன்னாடி நிக்கும்போது இதை நினைச்சுக்குங்க. அந்த யோசனை முதிர்ந்த மண்ணுல நம்ம பழனி மலையும் உண்டு.

அவங்க வர்றதுக்கு முன்னாடியே இந்த யோசனையை இந்திய வீட்டுக்குள்ள கொண்டுவந்தவர் ஒருத்தர் இருந்தார். குஜராத்தில் கிஜுபாய் படேக்கா. தொழில் வக்கீல். 1913-ல் மகன் பிறந்தான். இவனை எப்படி வளர்க்கிறதுன்னு தேடப் போய் மாண்டிசோரி எழுதினதைப் படிச்சார். வக்கீல் தொழிலை விட்டார். 1920-ல் பாவ்நகரில் பால மந்திர் தொடங்கினார். மாண்டிசோரி சாதனங்களை அப்படியே இறக்குமதி பண்ணாம, நாட்டுக் கதைகள், பாட்டு, மண், நடைப்பயணம்னு மாத்திக்கிட்டார். மீசை வைச்ச அம்மான்னு ஜனங்க செல்லமாக் கூப்பிட்டாங்க. 1939 ஜூனில் இறந்துட்டார். மாண்டிசோரி இந்தியாவில் கால் வைக்க அஞ்சு மாசம் இருந்தது.

எங்க வீட்டுக் கணக்கு

இதை எல்லாம் நான் தேடிப் படிக்கக் காரணம் எங்க அக்கா பொண்ணு. நாலரை வயசு. அக்கா பவானியில் ஒரு ஆபீஸில் கணக்கு பார்க்கிறா. மாமா ஜமக்காள வியாபாரம். போன வருஷம் ஒரு தனியார் பள்ளியில் எல்கேஜி சேர்க்கப் போனப்ப, பாப்பாவுக்குப் பென்சில் பிடிக்க வரலைன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டாங்க. நாலு வயசு ஆகாத குழந்தை. அன்னைக்கு ராத்திரி அக்கா என்கிட்ட கேட்டா: "ஏன்டா தம்பி, வீட்லயே வைச்சுச் சொல்லிக்குடுத்தா என்ன? நீயும் வீட்ல இருந்துதான வேலை பார்க்கற?"

நல்ல கேள்விதான். ஆனா கூடவே ஒரு கேள்வி இருக்கு. வீட்டில் சொல்லிக்கொடுக்கிறதுன்னா, யாரோட நேரம்? 1822-ல் அது அப்பாவோ, மாமாவோ, காசு வாங்குற வாத்தியாரோ. இன்னைக்கு இதைப் பத்தின வீடியோ எல்லாம் பாருங்க, தொண்ணூறு சதவீதம்னு நான் எண்ணிச் சொல்லல, ஆனா பார்க்கிற இடமெல்லாம் அம்மாக்கள்தான். அக்கா வேலையை விடணும்னு அர்த்தம் வந்துடுச்சுன்னா, அது குழந்தைக்கு இதமான ஆரம்பமா இருக்கலாம், வீட்டுக்கு இல்ல. எங்க அம்மாவே அதைத்தான் சொன்னாங்க: "அவ சம்பளத்தை நிறுத்திப்போட்டு எழுத்துச் சொல்லித்தர வேண்டாங்கண்ணு. நாங்க எதுக்கு இருக்கறோம்?"

சட்டத்தையும் பார்த்தோம். இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம், 2009-ல் வந்து 2010 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தது. அது பேசுறது 6 முதல் 14 வயசு வரைக்கும். ஆறு வயசுக்கு முன்னாடி குழந்தையை எங்கேயாவது சேர்த்தே ஆகணும்னு அதில் இல்ல. ஆறுக்கு மேல, பிள்ளையை அக்கம்பக்கப் பள்ளியில் சேர்க்கிறது பெற்றோரோட கடமைன்னு பத்தாவது பிரிவு சொல்லுது. தவறினா பெற்றோருக்குத் தண்டனைன்னு எதுவும் கிடையாது. வீட்டுக் கல்விங்கிற வார்த்தையும் அதில் கிடையாது. அப்படிப் படிக்கிற பிள்ளைகள் பலர் பின்னாடி தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாப் பத்தாவது எழுதுறாங்க. அதுக்குக் குறைஞ்சபட்ச வயசு 14. அதெல்லாம் பெரிய முடிவு. நாலரை வயசுல நீங்க எடுக்க வேண்டிய முடிவு அது இல்ல. கையில் ஒண்ணரை வருஷம் இருக்கு. அதை எப்படிச் செலவு பண்ணலாம்கிறது மட்டும்தான் கேள்வி.

நாங்க பண்ணினது இதுதான். காலையில் பாப்பா எங்க தெரு அங்கன்வாடிக்குப் போறா. 1975 அக்டோபர் 2-ல் ஆரம்பிச்ச ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்துல வந்தது அங்கன்வாடி. மூணு முதல் ஆறு வயசுப் பிள்ளைகளுக்கு அங்கே முன்பருவக் கல்வி உண்டு. 1982-ல் எம்.ஜி.ஆர். தொடங்கின சத்துணவுத் திட்டமும் இந்த வயசுப் பிள்ளைகளைச் சேர்த்தேதான் வந்தது. 2019 ஜனவரியில் தமிழ்நாடு அரசு 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யூகேஜியே ஆரம்பிச்சுது. திண்ணை யாரை எல்லாம் வெளியே நிறுத்துச்சோ, அவங்க பிள்ளைகளும் உள்ளே வர்ற இடம் இது. பாப்பா பக்கத்துல உட்கார்ந்து சாப்பிடுறது யாருங்கிறதும் ஒரு பாடம். வீட்டில் அந்தப் பாடத்தை எந்த ஆப்பை வைச்சும் நடத்த முடியாது.

மதியத்துக்கு மேல வீடு. ஒரு பழைய தாம்பாளத்துல மணல். சலிச்சுக் கழுவிக் காய வைச்சது. அப்புச்சி விரலைப் பிடிச்சு ஒரு எழுத்து. ஒரு நாளைக்கு ஒண்ணுதான், அதுவும் அவளுக்குத் தோணினா. தப்பா வந்தா ஒரு தடவல்ல காணாமப் போயிடும். சிவப்பு மை சுழி இல்ல. நோட்டு இல்லாததால எவ்வளவு எழுதினான்னு யாருக்கும் காட்டவும் முடியாது. அது ரொம்ப நல்லது.

கணக்கு, அம்மாயியோட. அரிசி அளக்கும்போது எத்தனை டம்ளர்? படிக்கு எத்தனை உழக்கு? தோசையை அரையாக்கு, காலாக்கு. அரைக்கால் வரைக்கும் வந்திருக்கா, முந்திரிக்கு நாங்க போகல. சந்தைக்குக் கூட்டிட்டுப் போனா வெத்தலைக் கட்டுல எத்தனைன்னு கேட்பா. ஆடி மாசம் குருநாதசாமி கோயில் தேர்த்திருவிழாவுக்கு வர்ற குதிரைகளையும் மாடுகளையும் நிறம் வாரியாப் பிரிச்சு எண்ணினா. எங்க பாஷையில அது டேட்டா கிளாசிஃபிகேஷன். அவ பாஷையில அது குதிரை பார்க்கிறது.

ராத்திரி விடுகதையும் கதையும். அது என் பொறுப்பு. வாரத்துல ரெண்டு நாள் மாமா பொறுப்பு. இந்தப் பங்கைக் காலண்டர்ல போட்டு வைச்சிருக்கோம், ஏன்னா போடலைன்னா எல்லாம் அக்கா தலையிலதான் போய் விழும்.

ஆறு வயசு ஆனதும் பக்கத்து அரசுப் பள்ளியில் ஒண்ணாம் வகுப்பு. இது எங்க முடிவு. உங்க வீட்டு ஆள் கணக்கு, வேலைக் கணக்கு, தெருவுல இருக்கிற அங்கன்வாடியோட நிலைமை எல்லாம் வேற. அதனால காப்பி பேஸ்ட் பண்ணாதீங்க.

எதை எடுத்துக்கலாம், எதை விடலாம்?

200 வருஷத்தை இப்படி வரிசையா வைச்சுப் பார்த்தா, வீடா பள்ளியாங்கிற சண்டையே கொஞ்சம் இடம் மாறின சண்டைன்னு தோணுது. வீடும் கொடுமையா இருக்கலாம். நாலு வயசுல அப்பாவே பிரம்பு எடுத்த கதை எத்தனை கேட்டிருக்கோம். பள்ளியும் இதமா இருக்கலாம். எங்கே நடந்தாலும், நாலஞ்சு வயசுல வேலை செஞ்ச விஷயங்கள் திரும்பத் திரும்ப ஒண்ணாவே வருது.

ஒண்ணு, சின்ன எண்ணிக்கை. திண்ணையில் 11 பேர். ரெண்டு, கலந்த வயசு. சட்டாம்பிள்ளையில் இருந்து கொடைக்கானல் வரைக்கும் அதேதான். மூணு, கை முதல்ல, நோட்டு பிறகு. மணல், அரிசி, உப்புத்தாள், மரக்கட்டை. நாலு, அழிக்க முடியற தப்பு. அஞ்சு, குழந்தை பேசுற மொழியும் அது பார்க்கிற ஊரும். கிஜுபாய் அதைத்தான் செஞ்சார். எண்சுவடியும் அதைத்தான் செஞ்சது.

விட வேண்டியதும் தெளிவா இருக்கு. முதல்ல வந்தவனுக்குச் சரஸ்வதி, கடைசியில வந்தவனுக்கு அடிங்கிற வரிசை. இன்னைக்குப் பிரம்பு இல்லாமலே அது வாட்ஸ்அப் குரூப்ல நடக்குது: "எங்க பையன் நூறு வரைக்கும் எழுதுறான், உங்க பொண்ணு?" அப்புறம், நம்ம வீட்டுத் திண்ணைக்கு யார் பிள்ளை ஏறலாம்ங்கிற அந்தக் கணக்கு. வீட்டுக் கல்விங்கிற பேர்ல அதைத் திரும்பக் கொண்டுவந்துடக் கூடாது. உங்க வீட்டில் மணல் தட்டு வைச்சீங்கன்னா, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் அதில் ஒரு மூலை இருக்கட்டும்.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது"ன்னு சொல்லி நம்மளை எல்லாம் வளைச்சாங்க. எனக்கு அந்தப் பழமொழியோட சண்டை இல்ல. அஞ்சு வயசுல தானா வளையுது இல்லையா, அப்புறம் எதுக்கு இவ்வளவு பலமாப் பிடிச்சு இழுக்கணும்கிறதுதான் என் கேள்வி.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை. உங்க வீட்டுல இருக்கிற வயசானவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க: முதல் எழுத்தை எதுல எழுதினீங்க, யார் விரலைப் பிடிச்சாங்க? எழுதவே வாய்ப்புக் கிடைக்கலைன்னு சொன்னாங்கன்னா அதையும் பதிவு பண்ணி அனுப்புங்க, குறிப்பா ஆத்தா, அம்மாயிங்களோட பதில். மன்றோ அட்டவணையில் அவங்களுக்குக் கட்டம் இருந்தது, ஆள்தான் இல்ல. அடுத்த எபிசோடில் அந்தக் குரல்களைச் சேர்த்துக் கேட்போம்.